நம்ம வீடு, எங்க வீடு

மனநல வார்டில் வேலை பார்க்கும் நர்சுகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. வீட்டில் கணவனோடு சண்டை போட்டு, அழுது, முகம் கழுவி, சீருடையை மாட்டிக்கொண்டு வந்து நின்றால், உடன் வேலை பார்ப்பவர்கள் ஒருத்தருக்கும் தெரியாது. "என்னடி, இன்னிக்கு ஜம்முன்னு இருக்கே" என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் மாத்திரைக்கு வரிசையில் நிற்கும் பெண்களில் யாராவது ஒருத்தி, தண்ணீர் டம்ளரை வாங்கியபடியே, "அவரா வந்து பேசட்டும், நீங்க இறங்கிப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு நகர்ந்துவிடுவாள்.

ஒருமுறை பெரிய சிஸ்டரின் அம்மா உடம்பு முடியாமல் படுத்திருந்தார். வார்டில் யாரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் வாயே திறக்காத ஒரு பெண் அன்று அவர் கையைப் பிடித்து, "இன்னிக்கே போங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றாளாம். போனார். அம்மாவிடம் கடைசியாக நாலு வார்த்தை பேச முடிந்தது. அதே பெண், கேட்டில் நிற்கும் வாட்ச்மேனை மந்திரி என்று நம்பி அவரிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதும் உண்மைதான். வாட்ச்மேனுக்கு அதில் ஆட்சேபணை ஒன்றும் இருக்கவில்லை.

"மாயமும் இல்ல, மந்திரமும் இல்ல," என்பார் பெரிய சிஸ்டர். "அவங்களுக்கு வேற என்னடி வேலை? கண் முழிச்சதுலேருந்து நம்ம மூஞ்சியையேதானே பாத்துட்டிருக்காங்க. நாம அவங்களைப் பாக்கறதைவிட அவங்க நம்மளைப் பாக்கறது ஜாஸ்தி."

பெண்கள் வார்டில் இந்த விஷயத்தில் பேர் வாங்கியவள் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவள். நர்சுகள் அவளுக்கு வைத்த பேர் ஆன்டெனா. "ஆன்டெனாவுக்கு இன்னிக்கு என்னடி சிக்னல் வந்துது?" என்று டீ குடிக்கும்போது கேட்டுச் சிரிப்பார்கள். சின்ன சிஸ்டர் மட்டும் அவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். சின்ன சிஸ்டருக்கும் வீட்டில் வேறு பேர் இருந்தது; வார்டில் பெரிய சிஸ்டர் ஒருவர் இருந்ததால் இவள் சின்ன சிஸ்டர் ஆகிவிட்டாள்.

அக்கா ஒரு கம்பெனியில், போனில் வாடிக்கையாளர்களின் புகார் கேட்கும் வேலையில் இருந்தவள். "முகம் தெரியாதவங்ககிட்ட வருஷக்கணக்கா திட்டு வாங்கினவ சிஸ்டர் நான். எனக்குக் காதுதான் கண்ணு" என்பாள். வார்டுக்கு வந்தபோது அவள் நிலைமை மோசமாகத்தான் இருந்தது. வாரக்கணக்கில் தூக்கமில்லை. செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று டிவி மேல் போர்வையைப் போட்டு மூடியவள். இப்போது அதெல்லாம் தெளிந்துவிட்டது. நன்றாகத் தூங்கினாள், சாப்பிட்டாள், பக்கத்துக் கட்டில் கிழவிக்குத் தலை வாரிவிட்டாள். போர்வைக் கதையைத் தானே சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள். "பாப்பாவோட ஷூ சின்னதாயிருக்கும். அவர் கவனிச்சிருக்க மாட்டார். போனதும் முதல் வேலை அதுதான்" என்று யார் பக்கத்தில் வந்தாலும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் கணவருக்கும் நர்சுகள் ஒரு பேர் வைத்திருந்தார்கள். ஆப்பிள் சார். பார்வையாளர் நாள் தவறாமல் வருவார். வரும்போது மனைவிக்கு ஒரு பை, நர்சுகளுக்கு ஒரு பை என்று ஆப்பிள் வாங்கி வருவார். இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிய குரல். பெண்டாட்டி மனநல வார்டில் இருந்தால் எட்டிக்கூடப் பார்க்காத ஆண்களையே பார்த்துச் சலித்த நர்சுகளுக்கு அவர் ஒரு அதிசயம். "எனக்கும் ஒண்ணு வாய்ச்சுதே, கல்யாண நாளுக்கே ஆப்பிள் வாங்கித் தராது" என்று பெருமூச்சு விட்டபடி கடிப்பார்கள். சின்ன சிஸ்டரும் கடித்தவள்தான்.

அன்று காலை மாத்திரை வரிசையில் அக்காவின் முறை வந்தது. மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, விழுங்கிவிட்டதற்கு அடையாளமாக நாக்கைக் காட்டிவிட்டு, அவள் சாதாரணமாகக் கேட்டாள்:

"எப்ப சிஸ்டர் போறீங்க?"

"எங்க?"

"இந்த வார்டை விட்டு."

சின்ன சிஸ்டர் கண் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருந்தாள். அங்கே பகல் வேலை மட்டும்தான். கணவன் பஸ் ஓட்டுபவன். அவன் போகும்போது இவள் வருவாள், இவள் போகும்போது அவன் வருவான். கல்யாணமானதிலிருந்து குடும்பம் நடத்தியதே பாதி வாசற்படியில்தான். மாற்றல் விஷயம் அவனையும் பெரிய சிஸ்டரையும் தவிர யாருக்கும் தெரியாது.

"யார் கேட்டாங்க உங்களை?" என்று வெடித்தாள். "நான் எங்கேயும் போகல. வாயை மூடிட்டு நகருங்க!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா கோபப்படவில்லை. "சரி" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

என்ன திமிர் என்று கொதித்தது சின்ன சிஸ்டருக்கு. ஒருத்தியின் சொந்த வாழ்க்கையைத் துருவுவதற்கு இவள் யார்? பெரிய சிஸ்டர்தான் உளறியிருக்க வேண்டும் என்று நேராக அவரிடம் போய் மல்லுக்கு நின்றாள்.

"நான் ஏன்டி சொல்லப்போறேன்? நீ போயிட்டா உன் டியூட்டியையும் சேத்து நான்தானே பாக்கணும். எனக்கென்ன சந்தோஷமா, ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிய?"

மதியம் ஆத்திரம் அடங்கியபின் சின்ன சிஸ்டர் ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனாள்.

"யார் அக்கா சொன்னது உங்களுக்கு?"

"நீங்கதான்."

"நானா?"

"முன்னாடியெல்லாம் 'நம்ம வார்டுல ஃபேன் ஓடல, நம்ம வார்டுக்குத் தண்ணி வரல'ம்பீங்க. கொஞ்ச நாளா 'உங்க வார்டு'ங்கறீங்க. நேத்துகூட, 'உங்க வார்டுல சத்தம் ஜாஸ்தி'ன்னீங்க." அக்கா சிரித்தாள். "வார்டு எங்களுக்குன்னு ஆயிடுச்சு. அப்ப நீங்க கிளம்பிட்டீங்கன்னுதானே அர்த்தம்?"

சின்ன சிஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஆமாக்கா. மாசக் கடைசியில போறேன்."

"போங்க. நல்லதுதான். போறதுல எனக்குக் கோபம் இல்ல. கேட்டதுக்கு இல்லைன்னீங்க பாருங்க, அதுதான்." பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு சொல்லட்டா? அவர் என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டார், சிஸ்டர்."

"யாரு, ஆப்பிள்... உங்க வீட்டுக்காரரா? அடுத்த வாரம் டிஸ்சார்ஜுன்னு அவர்கிட்டயும் சொல்லியாச்சே!"

"போன தடவை வந்தப்ப, 'எங்க வீட்டுக்கு பெயின்ட் அடிச்சோம், ஹாலுக்குப் பச்சை'ன்னார். எங்க வீடு. என்கிட்ட சொல்றார், சிஸ்டர்! அவர் 'எங்க வீடு'ன்னதும் எனக்கு 'எங்க?'ன்னு கேக்கத் தோணிச்சு. அடுத்தது, 'ஞாயித்துக்கிழமை நாங்க கடலுக்குப் போனோம்'னார். நாங்க. நான் இருந்த வீட்டுக்கே நான் விருந்தாளி மாதிரி. அந்த 'எங்க'ல நான் இல்ல. வேற யாரோ இருக்காங்க."

"அவரும் பாப்பாவும்தான் அக்கா. வாய் தவறி வந்திருக்கும்."

"எத்தனை தடவை தவறும்?"

சின்ன சிஸ்டர் எழுந்துகொண்டாள். டிவிக்குப் போர்வை போட்டவள் அல்லவா, மறுபடி ஆரம்பிக்கிறதோ என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது.

அன்று சின்ன சிஸ்டரின் கணவனுக்கு ஓய்வு நாள். சாயங்காலம் வீட்டில் அவனும் அவளும் மாமியாரும் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். இவள் மடித்துவைத்த துண்டை மாமியார் எடுத்துப் பிரித்தார்.

"எங்க வீட்டுல துண்டை இப்படி மடிக்கறதில்லம்மா."

இந்த வாக்கியத்தை அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறாள். எங்க வீட்டுல இப்படிக் கூட்டறதில்ல, எங்க வீட்டுல இவ்வளவு சத்தமா சிரிக்கறதில்ல. ஒவ்வொரு தடவையும் ஏதோ சுருக்கென்று தைக்கும். என்ன என்று நின்று பார்த்ததில்லை. இன்று பார்த்தாள்.

"அத்தை, நான் வந்து இத்தனை வருஷமாச்சு. இன்னுமா எங்க வீடு?"

"என்னடி இது புதுசா?"

"மாட்டிக்கிட்டியா அம்மா!" என்று கணவன் போர்வைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான்.

"வாயில வர்றதுதானே? அதுக்கொரு பஞ்சாயத்தா? உங்க அம்மா வீட்டைப் பத்திப் பேசறப்ப நீ என்ன சொல்றே? 'எங்க வீட்டுல'ன்னுதானே? அப்ப இவன் மூஞ்சியை நீ பாத்ததில்லையே!"

சின்ன சிஸ்டர் கணவனைப் பார்த்தாள். அவன் சிரிப்பை நிறுத்தியிருந்தான்.

"ஏங்க, அப்படியா?"

"விடு, அதெல்லாம் பழகிடுச்சு" என்று துணியைப் பார்த்தபடி சொன்னான்.

அப்போது அவளுக்குத் தெளிவாகிவிட்டது. இதைக் கேட்டுப் புரிந்துகொள்ள மனநோய் எதுவும் வேண்டியதில்லை. ஒரு வீட்டில் மருமகளாக ஆறு மாதம் இருந்தால் போதும்.

மறுநாள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. நோயாளிகளிடம் கத்த மாட்டார், நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேசுவார். அதனாலேயே அவரிடம் கோபப்படுவது கஷ்டம். அன்று பின்னால் இரண்டு பயிற்சி டாக்டர்களும் நின்றார்கள்.

"என்னம்மா, வீட்டுக்குப் போக ரெடியா?"

"நான் ரெடிதான் டாக்டர். அவர் ரெடியா இல்ல."

"யார் சொன்னா?"

வேண்டாம் என்று சின்ன சிஸ்டர் கண்ணைக் காட்டினாள். ஆனால் அக்காவுக்குக் கேட்டால் பதில் சொல்லித்தான் பழக்கம். பெயின்டையும் கடலையும் சொன்னாள். எங்க, நாங்க என்ற இரண்டு சொற்களையும் சொன்னாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பயிற்சி டாக்டர்களின் பக்கம் திரும்பி, எதிரில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதையே மறந்தவர்போல, "கவனிச்சீங்களா? சாதாரணமான பேச்சுல மறைவா ஒரு அர்த்தம். முன்னாடி டிவி, இப்ப கணவர். வியாதி உள்ளேயேதான் இருக்கு" என்றார். "சிஸ்டர், மருந்தோட அளவை ஏத்திடுங்க. டிஸ்சார்ஜ் இப்போதைக்கு வேணாம்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. "பாப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

சின்ன சிஸ்டர் நடைவழியில் டாக்டரை மறித்தாள்.

"டாக்டர், அது சந்தேக வியாதி இல்ல. இலக்கணம்."

"என்னது?"

"நம்ம வீடுன்னா கேக்கறவங்களும் சேத்தி. எங்க வீடுன்னா கேக்கறவங்க வெளியே. பேசப் பழகின குழந்தைக்குக்கூட இது தெரியும்."

டாக்டர் சிரித்தார். "சிஸ்டர், நான்கூட எங்க வீடுன்னுதான் சொல்றேன்."

"யார்கிட்ட? என்கிட்ட. உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிப் பாருங்க!"

பயிற்சி டாக்டர்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு இருமுவதுபோல் நடித்தாள். டாக்டரின் முகம் இறுகியது.

"மாற்றல் கிடைச்சது நல்லதுதான் சிஸ்டர். நோயாளிகளோட ரொம்ப ஒட்டிக்கிட்டீங்க."

அவருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. பெரிய சிஸ்டர் பெரிய சிஸ்டர்தான்.

ஏற்றிய மருந்து தன் வேலையைக் காட்டியது. அக்காவின் நாக்கு தடித்தது. கை நடுங்கி டம்ளரில் தண்ணீர் தளும்பியது. கிழவிக்குத் தலை வார எடுத்த சீப்பு பாதியிலேயே நின்றுபோய், கிழவியே அதைப் பிடுங்கி வாரிக்கொண்டாள். வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தவள், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க ஆரம்பித்தாள். ஆனால் மாத்திரை நேரத்தில் முதல் ஆளாக வந்து நிற்பாள். மறுப்பில்லை, முனகல் இல்லை. வாங்கி விழுங்கி, நாக்கைக் காட்டிவிட்டுப் போவாள். அந்த மாத்திரையைத் தன் கையால் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் சின்ன சிஸ்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காது நன்றாகக் கேட்கிறது என்பதற்காக ஒருத்தியின் காதை அடைக்கிறோமே என்று எரிந்தது. அலமாரியில் ஆப்பிள் சார் கொடுத்த ஆப்பிள்கள் மிச்சம் இருந்தன. அவற்றை அவள் தொடவில்லை.

அடுத்த பார்வையாளர் நாளில் டாக்டர் ஆப்பிள் சாரைத் தன் அறைக்கு அழைத்தார். ஃபைலை எடுத்துக்கொண்டு சின்ன சிஸ்டர் போனாள். அக்கா வார்டிலேயே இருந்தாள்.

"மன்னிக்கணும். டிஸ்சார்ஜைத் தள்ளிவைக்க வேண்டியதாயிருக்கு" என்றார் டாக்டர். "உங்களைப் பத்தி மறுபடி சந்தேகம் தலைகாட்டுது."

மனைவி வீட்டுக்கு வரப்போகிறாள் என்று காத்திருந்து, அது தள்ளிப்போகிறது என்று கேட்ட மனிதரின் முகம் எப்படி இருக்க வேண்டும்? ஆப்பிள் சாரின் தோள் இறங்கியது, பாரத்தைக் கீழே வைத்தவரைப்போல.

"பரவாயில்ல சார். எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும். அவசரமே இல்ல. நாங்க சமாளிச்சுக்கறோம்."

டாக்டர் தலையாட்டினார். சின்ன சிஸ்டரால் அதற்கு மேல் முடியவில்லை.

"நாங்கன்னா யார் யாரு சார்?"

"சிஸ்டர்..." என்றார் டாக்டர்.

"சும்மா கேக்கறேன் டாக்டர்."

"நானும் பாப்பாவும்தான்" என்றார் ஆப்பிள் சார்.

"வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சீங்களே. பச்சை யாருக்குப் பிடிக்கும் சார், பாப்பாவுக்கா?"

"அது... இல்ல, அவங்கதான் செலக்ட்..." நிறுத்தினார். கையில் இருந்த பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "வீட்டுல உதவிக்கு ஒருத்தங்க இருக்காங்க."

"உதவிக்கு வந்தவங்களையா ஹாலுக்குக் கலர் பாக்கச் சொன்னீங்க? அவங்களையும் சேத்தா நாங்கன்னு சொல்றீங்க?"

"இது என் குடும்ப விஷயம் சிஸ்டர்!" அந்த மெல்லிய குரல் முதல் தடவையாக உயர்ந்தது.

இப்போது டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யார் அவங்க?" என்று அமைதியாகக் கேட்டார்.

ஆப்பிள் சார் மடையைத் திறந்துவிட்டதுபோலப் பேச ஆரம்பித்தார். ஆபீசில் கூட வேலை செய்பவள். பாப்பாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. இவள் நிலைமை இப்படி. தானும் மனுஷன்தானே. எத்தனை நாளைக்குத் தனியாக அல்லாடுவது. "நான் ஒண்ணும் அவளைக் கைவிடல சார். வாரா வாரம் வர்றேனே! கடைசிவரைக்கும் வருவேன். அவ இங்கேயே நிம்மதியா இருக்கட்டும். நீங்க மட்டும் ஒரு உதவி பண்ணணும். மறுபடி சந்தேகம் வந்திருக்குன்னீங்களே, அதை ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா, பாப்பா என்கூடவே இருக்கறதுக்கு..."

சந்தேக வியாதி என்று எழுதியது டாக்டர்தான். அது வியாதி இல்லை என்று இப்போது தன் வாயாலேயே நிரூபித்துவிட்டு, அதையே எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் இந்த மனிதர். சின்ன சிஸ்டருக்குத் தலை சுற்றியது. டாக்டருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"வெளியே ஹால்ல உக்காருங்க" என்றார் அவரிடம்.

கதவு மூடியதும் சின்ன சிஸ்டர் கேட்டாள். "டாக்டர், மருந்து?"

"அடுத்த ரவுண்ட்ஸ்ல பாக்கலாம்."

"எதுக்காக ஏத்தினீங்களோ அது பொய்யாப் போச்சு. ஏத்தினது மட்டும் ஏன் அப்படியே இருக்கணும்?"

"சிஸ்டர், அவங்க நினைச்சது உண்மையா இருக்கலாம். ஆனா அந்த முடிவுக்கு அவங்க வந்த வழி சரியான வழி இல்ல. ரெண்டு சொல்லை வச்சுக்கிட்டு..."

"இப்ப உங்க முன்னாடி நானும் அதே வழியிலதானே டாக்டர் போனேன்? நாங்கன்னார், யாருன்னு கேட்டேன். அவ்வளவுதான். எனக்கும் ரெண்டு மாத்திரை எழுதுங்க. வரிசையில அக்காவுக்குப் பின்னாடி நிக்கறேன்."

சொன்ன பிறகு, இனி கண் ஆஸ்பத்திரியும் போச்சு, இந்த ஆஸ்பத்திரியும் போச்சு என்று நினைத்துக்கொண்டாள். டாக்டர் ஃபைலை இழுத்தார். தான் எழுதியதை வாசித்தார். மறுபடி வாசித்தார். குறுக்கே கோடு போட்டுவிட்டு மருந்தைப் பழைய அளவுக்கு மாற்றினார். "ஃபைல்ல இவங்க தங்கச்சி நம்பர் இருக்கு, அவங்ககிட்ட பேசணும். யார்கூடப் போறாங்கன்னு இவங்களே சொல்லட்டும்" என்றார் நிமிராமலே.

சின்ன சிஸ்டர் வார்டுக்கு ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா! டாக்டர் மருந்தைக் குறைச்சிட்டார். நீங்க சொன்னது சரி. உங்க வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டார். நீங்க சொன்னது அத்தனையும் சரி!"

அக்கா மெதுவாகத் திரும்பினாள். மருந்தில் கனத்த கண்கள் நிறைந்து வழிந்தன.

"எதுக்குக் கேட்டீங்க?"

"அக்கா?"

"யார் கேக்கச் சொன்னா உங்களை?" தடித்த நாக்கோடு ஒவ்வொரு சொல்லாக இழுத்து வந்தது. "இந்த மாத்திரையை எல்லாருக்கும் முன்னாடி வந்து நின்னு ஏன் முழுங்கினேன்னு நினைச்சீங்க? டாக்டர் சொன்னது சரியா இருக்கணும்னுதான். இது வியாதியாவே இருக்கட்டும், மருந்துல போயிடட்டும், அடுத்த தடவை அவர் வர்றப்ப 'நம்ம வீடு'ன்னு என் காதுல விழட்டும்னு முழுங்கினேன். வியாதின்னா என்னிக்காவது சரியாகும் சிஸ்டர். இது எப்படிச் சரியாகும்?"

டாக்டரை ஜெயித்த வேகத்தில், அக்கா சொன்னது சரி என்றால் அக்காவுக்கு வீடு இல்லை என்பது சின்ன சிஸ்டருக்கு அதுவரை உறைக்கவே இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்தாள். மன்னிப்பு கேட்கவும் வெட்கமாக இருந்தது. பக்கத்துக் கட்டில் கிழவி எழுந்து வந்து அக்காவின் தலையை வார ஆரம்பித்தாள்.

சிக்கெல்லாம் எடுத்து முடியும்வரை அக்கா அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"பாப்பாவைப் பத்தி என்ன சொன்னார்?"

சின்ன சிஸ்டர் தயங்கினாள். ஆனால் இவளிடம் ஒருமுறை பொய் சொன்னது போதும். "தன்கூடவே வச்சுக்கணும்னு... உங்களுக்கு வியாதி திரும்பிடுச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுக்கணுமாம்."

அழுகை நின்ற முகத்தில் வேறொன்று ஏறியது. அக்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க இருக்கார்?"

"ஹால்ல. அக்கா, கால் தள்ளாடுது, நாளைக்கு..."

"நடங்க சிஸ்டர்."

ஹாலில் வேறு குடும்பங்களும் இருந்தன. ஆப்பிள் சார் கடைசி மேஜையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா நேராகப் போய் எதிரில் நின்றாள்.

"பாப்பாவை என்கிட்டேருந்து எடுக்கறதுக்கு என் வியாதியா கிடைச்சுது உங்களுக்கு?" குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "டிவிக்குப் போர்வை போட்டப்பகூட அவளுக்குப் பசிக்குதான்னு பாத்துட்டுத்தான் போட்டேன்! வாரா வாரம் வந்து ஆப்பிளைக் குடுத்துட்டு, என்னை இங்கேயே விட்டுட்டுப் போகவா வந்தீங்க? வாயால சொல்றதுக்கென்ன? 'உன்கூட இருக்க முடியல'ன்னு ஒரு வார்த்தை. நான் பைத்தியமான்னு நானே என்னைக் கேட்டுக்கிட்டுக் கிடந்தேனே, அதை வேடிக்கை பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"மெதுவாம்மா. இப்படிக் கத்தினா உடம்புக்கு வந்துடும்." ஆப்பிள் சார் சுற்றிலும் பார்த்தார். உதவிக்கு ஆள் தேடுவதுபோல, வாசலில் வந்து நின்ற டாக்டரைக் கண்டதும் எழுந்தார். "பாருங்க சார், பாருங்க. நான் சொன்னேன் இல்ல? எப்படி ஆகுதுன்னு நீங்களே பாருங்க!"

அக்காவும் திரும்பினாள். "சொல்லுங்க டாக்டர். இது என்ன? இதுவும் வியாதியா?"

ஹாலில் எல்லாரும் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் பின்னால் வந்து நின்ற பயிற்சி டாக்டர்கள் பார்த்தார்கள். சின்ன சிஸ்டர் பார்த்தாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இல்லம்மா," என்றார். "இது கோபம்."

"கேட்டீங்களா?" என்றாள் அக்கா கணவரிடம்.

அவர் பையை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தார். அக்கா நடுங்கும் கையால் நாற்காலியை இழுத்து, அவர் போகும் வழியை மறித்துப் போட்டு, அதில் உட்கார்ந்தாள்.

"உக்காருங்க. மத்ததெல்லாம் அப்புறம். பாப்பா எங்கே, யார்கூட இருக்கணும்னு பேசி முடிச்சுட்டு நீங்க போகலாம். சிஸ்டர், என் தங்கச்சிக்குப் போன் போடுங்க."